பிரிட்டனிலிருந்து அரிசோனா பாலைவனத்துக்கு வேலைக்கு வரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிஸ்டலில் ஒன்பது வருடம் சிப் டிசைன் வேலை பார்த்துவிட்டு, குடும்பத்தோடு அரிசோனாவின் சாண்ட்லருக்கு வந்தவன் நான். ஃபீனிக்ஸை ஒட்டிய ஊர். வந்த நாளிலிருந்து பழைய நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், முகம் தெரியாதவர்கள் என்று பலரும் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். டிசம்பரில் இது அதிகம், ஏனென்றால் பிரிஸ்டலில் அப்போது நாலு மணிக்கே இருட்டிவிடும். நானும் அப்படி ஒரு டிசம்பரில்தான் ஆசைப்பட்டேன், அதனால் யாருடைய ஆசையையும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. வெயிலைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்பவர்கள் விசாவைப் பற்றி ஒன்றுதான் கேட்கிறார்கள். இங்கே வந்தபின் மனதை அரிப்பது பெரும்பாலும் விசாதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. விசா, வரி விஷயங்களில் கையெழுத்துப் போடும் முன் அந்தத் துறை தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

பாலைவனத்துல என்னங்க வேலை இருக்கு? வெறும் மணல்தானே?

மணல் மேடுகளை எதிர்பார்த்து வந்தால் ஏமாந்து போவீர்கள். இது சொனோரன் பாலைவனம். கள்ளி, புதர், செந்நிறக் குன்றுகள், நடுவில் ஒரு பெருநகரம். இன்டெல் நாற்பது வருடங்களுக்கு மேலாக இங்கே இருக்கிறது, சாண்ட்லரில் அவர்களுடைய பெரிய ஃபேப் (சிப் தயாரிக்கும் ஆலை) வளாகமே உண்டு. மைக்ரோசிப்பின் தலைமையகம் சாண்ட்லரில், ஆன்செமியின் தலைமையகம் ஸ்காட்ஸ்டேலில். தைவானின் டிஎஸ்எம்சி 2020-ல் வடக்கு ஃபீனிக்ஸில் ஆலை கட்டப்போவதாக அறிவித்து, 2024 கடைசியில் உற்பத்தியைத் தொடங்கி, 2025 மார்ச்சில் மொத்த முதலீட்டை 16,500 கோடி டாலராக உயர்த்துவதாகச் சொன்னது. பிரிஸ்டல், கேம்பிரிட்ஜ், சௌத் வேல்ஸ் பக்கம் சிப் வேலையில் இருப்பவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

விண்வெளி, ராணுவத் தளவாட வேலைகளும் நிறைய உண்டு. டூசானில் ரேதியான், மேசாவில் போயிங். ஆனால் அவற்றில் பல வேலைகளுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் காரணமாக அமெரிக்கக் குடிமக்களையோ கிரீன் கார்டு வைத்திருப்பவர்களையோதான் எடுக்க முடியும். விளம்பரத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

என்கிட்ட பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கு அண்ணா. அது போதாதா?

சுற்றிப் பார்க்கப் போதும். எஸ்டா என்ற முன் அனுமதியை இணையத்தில் எடுத்துக்கொண்டு 90 நாள் வரை வரலாம், நேர்முகத் தேர்வுக்குக்கூட வரலாம். வேலை செய்ய மட்டும் முடியாது. ஆஸ்திரேலியர்களுக்கு இ-3, கனடாக்காரர்களுக்கு டிஎன் என்று தனி வேலை விசா இருப்பதுபோல பிரிட்டிஷ்காரர்களுக்கு எதுவும் கிடையாது. சொந்தமாக முதல் போட்டுத் தொழில் செய்பவர்களுக்கு இ-2 விசா பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு உண்டு, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இல்லை. அது ஒன்றுதான் உருப்படியான வித்தியாசம். சம்பளத்துக்கு வருகிற பெரும்பாலானவர்களுக்கு அதனால் பயன் இல்லை.

எச்-1பி-யில வர்றதா, எல்-1-ல வர்றதா?

எச்-1பி என்பது அமெரிக்கக் கம்பெனி வெளிநாட்டு நிபுணர்களை எடுக்கும் வேலை விசா. அதற்கு ஒரு வருடத்தில் 65,000 இடம், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. மார்ச்சில் கம்பெனி உங்கள் பேரைப் பதிவு செய்யும், குலுக்கலில் தேர்வானால் அக்டோபர் 1-லிருந்து வேலையில் சேரலாம். தேர்வாகாவிட்டால் அடுத்த மார்ச். இதற்கு மேல் 2025 செப்டம்பரில் வந்த அதிபர் உத்தரவு, அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் புதியவர்களுக்கான மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வைத்துவிட்டது. பிரிட்டனில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்காக அந்தத் தொகையைக் கட்ட எத்தனை கம்பெனி முன்வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த உத்தரவு இப்போதும் இருக்கிறதா என்பதுதான் வழக்கறிஞரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அதனால் எனக்குத் தெரிந்த வரை நடக்கிற வழி எல்-1. பிரிட்டன் அலுவலகத்தில் கடந்த மூன்று வருடத்துக்குள் தொடர்ந்து ஒரு வருடம் வேலை செய்திருந்தால், அதே கம்பெனி உங்களை அமெரிக்க அலுவலகத்துக்கு மாற்றலாம். குலுக்கல் இல்லை, அந்த லட்சம் டாலரும் இல்லை. மேலாளர்களுக்கு எல்-1ஏ, அதிகபட்சம் ஏழு வருடம். தனித்திறன் உள்ளவர்களுக்கு எல்-1பி, அதிகபட்சம் ஐந்து வருடம். நான் வந்தது எல்-1பி-யில். அமெரிக்காவில் வேலை தேடுவதைவிட, அரிசோனாவில் கிளை வைத்திருக்கும் கம்பெனியில் பிரிட்டனிலேயே சேர்ந்து ஒன்றரை வருடம் பொறுத்திருப்பது நல்லது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

எல்-1-ல் ஒரு குறை உண்டு, அது கம்பெனியோடு கட்டிப்போட்ட விசா. இன்னொரு கம்பெனிக்கு மாற முடியாது. எச்-1பி-யில் மாறலாம், மறுபடி குலுக்கல் தேவையில்லை.

என் மனைவியும் வேலைக்குப் போறாங்க. அங்க வந்தும் போக முடியுமா?

நீங்கள் எல்-1 என்றால் அவருக்கு எல்-2, வந்த நாளிலிருந்தே வேலை செய்யலாம். நீங்கள் எச்-1பி என்றால் அவருக்கு எச்-4. உங்கள் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்படும் வரை அவர் வேலை செய்ய முடியாது, சில வருடங்கள் ஆகலாம்.

இதை மனைவியோடு உட்கார்ந்து, வருமானக் கணக்காக மட்டும் இல்லாமல், மனசுவிட்டுப் பேசுங்கள். லண்டனில் பத்து வருடம் கணக்காளராக இருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். எச்-4-ல் வந்த முதல் ஜூலையில், வெளியே நடக்கவும் முடியாமல், கார் ஓட்டும் உரிமமும் வராமல், திரைச்சீலை போட்ட வீட்டுக்குள்ளேயே கிடந்தார். கணவர் கெட்டவர் இல்லை, இருவருமே யோசிக்காமல் வந்துவிட்டார்கள்.

கிரீன் கார்டு எத்தனை வருஷத்துல கிடைக்கும்?

நீங்கள் எந்த நாட்டில் பிறந்தீர்கள் என்பதுதான் இதை முடிவு செய்கிறது, எந்தப் பாஸ்போர்ட் என்பது இல்லை. வேலை வழி கிரீன் கார்டு வருடத்துக்கு ஏறத்தாழ 1,40,000. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது விதி. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு, பெரும்பாலான பொறியாளர்கள் நிற்கும் இபி-2, இபி-3 வரிசைகளில் பத்து வருடத்துக்கும் மேல் காத்திருப்பு. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியதால் அந்த வரிசையிலிருந்து வெளியே வந்துவிட முடியாது. இதைச் சொன்னதும் போனில் சட்டென்று அமைதியாகிவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால், இருவரும் அந்த நாட்டு வரிசையில் நிற்கலாம். உங்கள் மனைவி க்ராய்டனில் பிறந்தவர் என்றால் அது பெரிய விஷயம்.

எல்-1பி-யில் வருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எச்-1பி-க்கு ஆறு வருட வரம்பு என்றாலும் ஐ-140 ஏற்கப்பட்டிருந்தால் மேலும் நீட்டிக்கொண்டே போகலாம். எல்-1பி-க்கு அந்த நீட்டிப்பு கிடையாது, ஐந்து வருடத்தோடு சரி. அதனால் வந்த முதல் மார்ச்சிலேயே எச்-1பி-க்குப் பேர் கொடுக்கச் சொல்லிக் கம்பெனியை நச்சரியுங்கள். உள்ளே இருந்தபடி விசா வகை மாற்றுபவர்களுக்கு அந்த ஒரு லட்சம் டாலர் கட்டணம் இல்லை என்று 2025 அக்டோபரில் குடியேற்றத் துறை விளக்கம் கொடுத்திருக்கிறது. பிள்ளைகளின் வயதையும் கணக்குப் போடுங்கள். கிரீன் கார்டு வருவதற்குள் 21 தாண்டினால் அவர்கள் உங்கள் விசாவின் கீழ் இருக்க முடியாது.

நான் யாழ்ப்பாணத்திலை பிறந்தனான், இப்ப பிரிட்டிஷ் பாஸ்போர்ட். எனக்கும் அந்த இந்திய வரிசைதானோ?

இல்லை. இலங்கையில் பிறந்தவர்கள் பொது வரிசையில் வருவார்கள், இந்திய வரிசையைவிடக் காத்திருப்பு மிகக் குறைவு. மேலே சொன்ன கணவன் மனைவி விதி உங்கள் வீட்டிலும் பொருந்தும். இந்தியாவில் பிறந்தவரைக் கட்டியிருந்தால் உங்களால் அவரும் தப்பித்தார்.

நாங்க மதுரைக்காரங்க, பார்க்காத வெயிலா?

நானும் திருச்சிக்காரன், இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தேன். நம் ஊர் வெயிலும் இதுவும் ஒன்றில்லை. 2023-ல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது 43 செல்சியஸுக்கு மேல். 2024-ல் அப்படி 70 நாள். இரவிலும் 32 செல்சியஸுக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. 2023-ல் ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிக்கோபா கவுன்டியில் மட்டும் வெப்பம் காரணமாக 645 பேர் இறந்தார்கள். காற்று காய்ந்து கிடப்பதால் வியர்வை தோலில் நிற்பதே இல்லை. உடம்பிலிருந்து தண்ணீர் போவது தெரியாது, தலைவலி வந்தபின்தான் தெரியும்.

ஜூலையில் ஒரு நாள் இப்படி இருக்கும். காலை ஐந்து மணிக்கு நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள், ஏழு மணிக்கு எல்லாரும் உள்ளே. குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். சூப்பர்மார்க்கெட் வாசலுக்குப் பக்கத்தில் பார்க்கிங் காலியாகவே கிடக்கும். எல்லாரும் கடைசி ஓரத்தில் ஒரு வேலமரத்து நிழலைத் தேடிப் போய் நிறுத்துவார்கள். என் மகளுக்கு முதல் கோடையில் சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கி தொடையில் பட்டுக் கொப்பளித்துவிட்டது. இப்போது காரில் எப்போதும் ஒரு பழைய டவல் கிடக்கிறது, ஏறுவதற்கு முன் அதைப் போட்டு மூடிவிட்டுத்தான் அவளை உட்கார வைப்போம்.

ஏசி இங்கே வசதி இல்லை, உயிர். இரண்டாம் வருடம் ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஏசியின் கெப்பாசிட்டர் போய்விட்டது. இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குள் 35 செல்சியஸ், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நண்பர் வீட்டுக்கு ஓடினோம். அதற்கப்புறம் ஒவ்வொரு மார்ச்சிலும் சர்வீஸ் செய்துவிடுகிறோம்.

சரி, இதற்குப் பதிலாக என்ன கிடைக்கிறது? அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, நான் வாழ்ந்த இடங்களிலேயே இதைவிட நல்ல வானிலை இல்லை. ஜூலை, ஆகஸ்ட் மழைக்கு முன்னால் கிரியோசோட் புதரிலிருந்து ஒரு வாசனை கிளம்பும், நம் ஊர் மண்வாசனை மாதிரி, ஆனால் கொஞ்சம் காட்டமாக. முதல் தடவை அது வந்தபோது நானும் மனைவியும் கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசாமல் நின்றோம். பிரிஸ்டலில் ஜன்னலோரம் வைத்து ஒவ்வொரு குளிரிலும் பட்டுப்போன கறிவேப்பிலை, இங்கே என் தோள் உயரம் வளர்ந்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் முருங்கையும் உண்டு.

தண்ணியே தீர்ந்துடும்னு செய்தியில சொல்றாங்களே?

நியாயமான பயம். ஃபீனிக்ஸுக்குத் தண்ணீர் சால்ட் ஆற்று அணைகளிலிருந்தும், கொலராடோ ஆற்றிலிருந்து வரும் 336 மைல் கால்வாய் வழியாகவும், கொஞ்சம் நிலத்தடியிலிருந்தும் வருகிறது. கொலராடோவில் தண்ணீர் குறைந்து 2021 ஆகஸ்டில் முதல் முறையாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். அதில் பெரிய அடி வாங்கியது விவசாயம்தான், நகரத்துக் குழாய்கள் நிற்கவில்லை.

அந்தக் கால்வாய் தொடங்கும் லேக் ஹவாசுவில்தான் பழைய லண்டன் பாலம் நிற்கிறது. 1968-ல் ஒரு அமெரிக்கத் தொழிலதிபர் 24,60,000 டாலருக்கு வாங்கி, கற்களுக்கு எண் போட்டுக் கப்பலில் கொண்டுவந்து, 1971-ல் திறந்தார். ஒரு முறை போய் அதன் கைப்பிடிச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். தேம்ஸ் மேலே நின்ற அதே கல், தொட்டால் சுடும்.

வாடகைக்கு வருகிறவர் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வீடு வாங்கும்போதுதான் கவனம். நகர எல்லைக்கு வெளியே மலிவாகக் கிடைக்கிறது என்று போகாதீர்கள். ஸ்காட்ஸ்டேல் எல்லைக்கு வெளியே ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸில் லாரித் தண்ணீரை நம்பியிருந்த வீடுகளுக்கு 2023 ஜனவரியில் நகரம் தண்ணீரை நிறுத்திவிட்டது. அந்த வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

தேள், பாம்பு எல்லாம் வீட்டுக்குள்ள வருமா?

தேள் வரும். புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக மின்னும், ராத்திரியில் சுவரோரம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டால் போதும். ஷூவை உதறிப் போடுங்கள். பாம்பு எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை, மலைப்பாதைகளில் பார்த்திருக்கிறேன்.

நான் பயப்படச் சொல்வது வேலி ஃபீவருக்கு. மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை, புழுதியோடு மூச்சில் போகும். இருமல், காய்ச்சல், வாரக்கணக்கில் ஓயாத அசதி. சாதாரண நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுத்தால் கேட்காது. இருமல் நிற்கவில்லை என்றால் நீங்களாகவே அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். பிரிட்டனுக்குத் திரும்பிப் போனபின் வந்தாலும் அரிசோனாவில் இருந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள், அங்கே யாருக்கும் இது சட்டென்று தோன்றாது.

சம்பளம் ரெண்டு மடங்கு சொல்றாங்க. ஒத்துக்கலாமா?

பவுண்டை டாலராக்கிப் பெருக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். வரி குறைவு என்பது உண்மைதான், அரிசோனா மாநில வருமான வரி 2023 முதல் எல்லாருக்கும் 2.5 சதவீதம், மத்திய வரி தனி. ஆனால் இரண்டு கார் வேண்டும், காப்பீடு வேண்டும், எங்கள் ஜூலை மின்கட்டணம் மார்ச்சைப் போல மூன்று மடங்கு. மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள். விடுமுறையையும் பாருங்கள். பிரிட்டனில் சட்டப்படி 28 நாள். இங்கே சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று மத்திய சட்டமே இல்லை, கம்பெனி கொடுப்பதுதான். மகப்பேறும் அப்படியே: அங்கே 52 வாரம் எடுக்கலாம், இங்கே மத்திய சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல், அதுவும் ஒரு வருடம் வேலை பார்த்தபின். குழந்தை பெறத் திட்டம் இருந்தால் இதை முதலில் பேசுங்கள்.

பேரம் பேசும்போது சம்பளத்தை விட்டுவிட்டு நான் கேட்கச் சொல்வது மூன்று: கிரீன் கார்டு மனுவை எத்தனை மாதத்தில் தொடங்குவார்கள், விடுமுறை எத்தனை நாள், வேலை போனால் திரும்பிப் போகும் செலவு யாருடையது. மூன்றும் எழுத்தில் வேண்டும்.

என்எச்எஸ் இல்லாம எப்படி சமாளிக்கிறீங்க?

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை இல்லாமல் பழக ஒரு வருடம் ஆகும். டிடக்டிபிள் என்று ஒன்று உண்டு. அது 3,000 டாலர் என்றால், பெரும்பாலான சிகிச்சைக்கு அந்த வருடத்தின் முதல் 3,000 உங்கள் பையிலிருந்து, அதன் பிறகுதான் காப்பீடு பங்கு போடும். அப்புறம் அதிகபட்ச வரம்பு ஒன்று, அதற்கு மேல் நீங்கள் கட்ட வேண்டியதில்லை. இந்த இரண்டு எண்ணையும் கேட்காமல் திட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டாக்டர் உங்கள் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். சின்னக் காயம், காய்ச்சலுக்கு அர்ஜென்ட் கேர் போங்கள், எமர்ஜென்சியின் பில் வேறு ரகம்.

ஐஎஸ்ஏ, பென்ஷன், வீடு, இதெல்லாம் என்ன பண்றது?

பிரிட்டனின் வரியில்லாச் சேமிப்புக் கணக்கான ஐஎஸ்ஏ-வுக்கு அமெரிக்காவில் வரிவிலக்கு இல்லை. அதில் ஃபண்டுகள் வைத்திருந்தால் அமெரிக்க வரித்துறை அவற்றைக் கடுமையான விதியில் பார்க்கும், படிவம் நிரப்பவே கணக்காளருக்குக் கொடுத்து மாளாது. விமானம் ஏறுவதற்கு முன்பே விற்றுவிடுவது பற்றி ஆலோசனை கேளுங்கள். வெளிநாட்டுக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் ஒவ்வொரு வருடமும் தெரிவிக்க வேண்டும், சென்னைக் கணக்கும் இதில் அடக்கம். பென்ஷன் பரவாயில்லை. இரு நாட்டு ஒப்பந்தத்தால் இங்கே கட்டுவதும் அங்கே கட்டியதும் தகுதிக்குச் சேர்த்து எண்ணப்படும், அமெரிக்காவில் வாழ்ந்தாலும் பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் வருடாவருடம் உயரும். வீட்டை வாடகைக்கு விட்டால் மார்ட்கேஜ் கொடுத்தவரிடம் அனுமதி வாங்குங்கள், வெளிநாட்டில் வாழும் வீட்டுக்காரராகப் பதிவும் செய்யுங்கள். இல்லாவிட்டால் வாடகையில் 20 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

வேலை போயிட்டா என்ன ஆகும்?

அதிகபட்சம் 60 நாள். அதற்குள் எச்-1பி என்றால் வேறு கம்பெனி உங்களுக்காக மனு போட வேண்டும். எல்-1 என்றால், மேலே சொன்ன காரணத்தால், விசா வகையையே மாற்ற வேண்டும் அல்லது கிளம்ப வேண்டும். பிரிட்டனில் போல ஒரு மாத, மூன்று மாத நோட்டீஸை எதிர்பார்க்க முடியாது, காலையில் சொல்லி மாலையில் கணினியை வாங்கிக்கொள்ளலாம். எங்கள் டீமில் ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது, பள்ளி வருடத்தின் நடுவில். ஆறு மாதச் செலவுக்கான பணம் பிரிட்டன் வங்கியில் கிடக்கட்டும்.

எங்களுக்கு ஐஎல்ஆர்தான் இருக்கு, சிட்டிசன்ஷிப் இன்னும் வாங்கல. கிளம்பலாமா?

கிளம்பாதீர்கள். ஐஎல்ஆர் என்பது பிரிட்டனில் காலவரையின்றி வசிக்கும் அனுமதிதான், தொடர்ந்து இரண்டு வருடம் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் அது காலாவதி. குடியுரிமை காலாவதி ஆகாது. அமெரிக்க விசா ஆட்டம் காணும் என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அப்போது திரும்பிப் போக ஒரு வீடு வேண்டாமா? ஒரு வருடம் தள்ளிப்போனாலும் குடியுரிமையை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பிள்ளைகள் விஷயமும் இதோடு சேர்ந்தது. இங்கிலாந்தில் உள்ளூர் மாணவர் கட்டணத்துக்குப் பொதுவாகப் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் இருந்தால் போதாது. மகனுக்குப் பதினைந்து வயது என்றால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அம்மா அப்பா ஊர்ல இருக்காங்க. அவ்வளவு தூரம்...

லண்டனிலிருந்து சென்னை ஒரே விமானம். ஃபீனிக்ஸிலிருந்து லண்டனே பத்து மணி நேரத்துக்கு மேல், அப்புறம்தான் சென்னை. வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை ஒன்றரை நாள் ஆகிவிடுகிறது. அரிசோனாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் இந்தியா வருடம் முழுக்கப் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால். எனக்கு விடிந்தால் அம்மாவுக்குச் சாயங்காலம். தினமும் காலை ஆறு மணிக்கு நான் காபி குடிக்கும்போது அம்மா விளக்கேற்றிவிட்டு போனை எடுப்பார். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது நான் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. பிரிஸ்டலில் இருந்திருந்தால் முந்தின இரவே போயிருப்பேன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் ஆறுதலான பதில் இல்லை.

ஒரு தடவை வந்து பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கோம். எப்ப வரட்டும்?

ஜூலையில் வாருங்கள். பிப்ரவரியில் வந்து பார்த்தவர்கள் எல்லாரும் மயங்கிப்போய் ஊருக்குப் போன உடனே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எஸ்டா போதும். ரிசார்ட்டில் தங்காதீர்கள், குடியிருப்புப் பகுதியில் சமையலறையுள்ள ஒரு இடத்தில் ஒரு வாரம் இருங்கள். மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் இருக்கும் இடத்திலிருந்து காரை ஓட்டிப் பாருங்கள், நம் பழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக. பிள்ளைகளை மத்தியானம் முழுக்க வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். மனைவியைப் பகலில் தனியே விட்டுவிட்டு நீங்கள் ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்து, எப்படி இருந்தது என்று அவரிடம் கேளுங்கள். சாண்ட்லர் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வந்தால் பின்வாசலில் உட்காரலாம், மழை வாசனை வந்தாலும் வரும்.